26 நாள் வேலை 15 நாளாகிவிட்டது: பி.எஃப். பணத்தை எடுத்து நகையை மீட்கலாமா?

கேள்வி: ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் 9 வருடம் 3 மாதமாகத் தினக்கூலியாக இருக்கிறேன். ஒரு நாளைக்கு 540 ரூபாய். நிதி நெருக்கடி என்று சொல்லி, மாதம் 26 நாள் இருந்த வேலையை 15 நாளாகக் குறைத்துவிட்டார்கள். அந்தச் சம்பளமும் 20ஆம் தேதிக்கு மேல்தான் வருகிறது. நகையை 2 வட்டிக்கு அடகு வைத்து 80,000 ரூபாய் வாங்கியிருக்கிறேன். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். மகள் இந்த வருடம் கல்லூரியில் சேர்கிறாள். வேலையை விட்டுவிட்டு, பி.எஃப்.பில் இருக்கும் சுமார் 2,30,000 ரூபாயை எடுத்து நகையை மீட்டுவிடலாமா?
– வாசகி, வயது 41

பதில்: வேண்டாம். அவர்களாக நிறுத்தினால் வேறு விஷயம், நீங்களாக இப்போது விடாதீர்கள். 14,040 ரூபாய் 8,100 ஆனது பெரிய அடிதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்காத ஒரு இழப்பும் இதில் இருக்கிறது. உங்கள் உரிமைகள் பெரும்பாலும் நாள் கணக்கில் நிற்பவை. குறைந்திருப்பதும் அந்த நாட்கள்தான்.

முதலில் பி.எஃப். ஓய்வூதியம். இதற்கு 10 வருட சேவை தேவை. ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தால் முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால், ஒன்பதரை வருடம் ஆனாலே 10 என்று கணக்கு. உங்களுக்குப் பாக்கி மூன்றே மாதம். ஆனால் சம்பளம் இல்லாத நாட்களைப் ‘பங்களிப்பு இல்லாத நாட்கள்’ என்று நிர்வாகம் காட்டினால் அவை சேவையிலிருந்து கழியும். 15 நாள் வேலையில் அந்த மூன்று மாதம் ஐந்து மாதம்வரை நீளலாம். நடுவில் ‘பிரேக்’ என்று வேலை தராமல் நிறுத்திவைத்த நாட்கள் இருந்தால் இன்னும் கொஞ்சம். அதனால் தேதி பார்த்து விளிம்பில் நிற்காமல், ஒரு வருடம் என்றே மனதில் வையுங்கள்.

கிடைப்பது எவ்வளவு? சராசரிச் சம்பளத்தை சேவை வருடங்களால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 60 மாதச் சராசரி 10,500 என்று வைத்தால் 58 வயதிலிருந்து மாதம் 1,500 ரூபாய். சின்னத் தொகைதான். ஆனால் சாகும்வரை வரும். உங்களுக்குப் பிறகு கணவருக்கும் ஒரு பகுதி வரும். வேலையை விட்டதும் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து பி.எஃப். பணத்துக்கான படிவம் 19, ஓய்வூதியப் பகுதியை எடுப்பதற்கான படிவம் 10சி இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்களே, பலரும் ஓய்வூதியத்தை இழப்பது அந்த இடத்தில்தான். நாளைக்கே வேலையிலிருந்து நிறுத்தினாலும் ஓய்வூதியப் பகுதியை எடுக்காதீர்கள். அடுத்த இடத்தில் அதே யு.ஏ.என். எண்ணை (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) கொடுத்தால் பழைய சேவை தொடரும்.

இன்றைக்கே பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, கடைசி ஆறு மாதம் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சம்பளத்தையே இழுத்துக் கொடுக்கும் நிர்வாகம், பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்திருக்கவும் வாய்ப்புண்டு. கட்டவில்லை என்றால் பி.எஃப். அலுவலகத்தின் இணையதளத்திலேயே புகார் பதியலாம்.

அடுத்தது பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. தினக்கூலிக்குக் கிடையாது என்று அலுவலகத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்த தினக்கூலிக்கும் அது உண்டு. உங்கள் கணக்கு: 540 × 15 நாள் × 9 வருடம் = 72,900 ரூபாய். இங்கேயும் நாள் வந்து நிற்கிறது. வருடத்துக்கு 240 நாள் வேலை பார்த்திருந்தால் அது முழு வருடம் என்பதில் கேள்வியே இல்லை. 15 நாள் வீதம் போனால் 180தான் வரும். வேலை இல்லாமல் போனது தொழிலாளியின் தவறு இல்லையென்றால் சேவை அறுந்ததாகாது என்றும் விதியில் இடம் இருக்கிறது. ஆனால் அதை வாதாடித்தான் வாங்க வேண்டியிருக்கும், வாதாடக் கையில் காகிதம் வேண்டும்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால், அரையாண்டில் 78 நாள் இருக்கும்வரை நோய்க்கால உதவித்தொகைக்குத் தகுதி உண்டு. உங்களுக்கு 90 வருகிறது. 12 நாளாகக் குறைத்தால் போய்விடும்.

சரி, நகை. 2 வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம், மாதம் 1,600 ரூபாய். பி.எஃப். தருவது 8.25 சதவீதம் (2024-25). அந்த வகையில் உங்கள் யோசனை தப்பில்லை. ஆனால் 24ஐக் குறைக்க வேறு வழி இருக்கும்போது எதற்கு வேலையை விட வேண்டும்? உறவினர் யாரிடமாவது 80,000 கைமாற்று வாங்கி, காலையில் நகையை மீட்டு, அன்றைக்கே அரசு வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வைத்துக் கைமாற்றை அடைத்துவிடுங்கள். 10 சதவீதம் என்று வைத்தாலும் வட்டி மாதம் 670 ரூபாய்க்குள் அடங்கும். தங்கம் விற்கிற விலைக்கு, அதே நகைக்கு வங்கியில் கூடுதலாகவும் தருவார்கள். அந்த ஆசைக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

மகளின் கட்டணத்துக்கு, வேலையில் இருந்துகொண்டே பி.எஃப்.பில் படிப்புக்கான முன்பணம் கேட்கலாம். அதனால் ஓய்வூதிய சேவை குறையாது. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. குழுக் கடன் கொடுக்கிறோம் என்று வீட்டு வாசலுக்கு வருபவர்களை இந்த வருடம் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வீட்டுச் செலவை 8,100க்கும் கணவரின் வருமானத்துக்கும் போடுங்கள். பழையபடி 26 நாள் வரும் என்ற நம்பிக்கையில் எதையும் வாங்க வேண்டாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013இல் அரசு எடுத்துக்கொண்ட பிறகு, உபரியாக இருந்த நிரந்தர ஊழியர்களை வேறு கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாற்றினார்கள். தினக்கூலிக்கு அப்படி ஒரு மாற்று இடம் யாரும் வைத்திருப்பதில்லை. மீதி 11 நாளுக்கு வெளியே வேலை தேடுங்கள். விடைத்தாள் கட்டு, பதிவேடு, கணினிப் பதிவு என்று ஒன்பது வருடம் பார்த்தவருக்குத் தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலைக்கு வாய்ப்பு இருக்கிறது. மே, ஜூன் சேர்க்கை நேரத்தில் அவர்களுக்கு ஆள் தேவைப்படும்.

அப்புறம் அந்தக் காகித விஷயம். ஒவ்வொரு மாதமும் வருகைப் பதிவேட்டில் நீங்கள் கையெழுத்துப் போட்ட பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். சம்பளம் ஏறிய வங்கி அறிக்கையைப் பிரிண்ட் எடுங்கள். பிரிவு அலுவலர் உங்களுக்கு அனுசரணையானவராக இருந்தால், அவர் மாறிப் போவதற்குள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எத்தனை நாள் வேலை பார்த்தீர்கள் என்று ஒரு சான்றிதழ் எழுதி, முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.