ஜெர்மானியரா, ஹங்கேரியரா?

கேள்வி: என் மகன் இருக்கும் பிலடெல்பியா பக்கம் ‘ஜெர்மன்-ஹங்கேரியர் சங்கம்’ என்று ஒன்று இருக்கிறதாம். அமெரிக்காவுக்குப் போய் நூறு வருஷம் ஆன பிறகும் எதற்குத் தனிச் சங்கம்? பீர் குடித்து ஆடத்தானே? அவர்கள் ஜெர்மானியரா, ஹங்கேரியரா, முதலில் அதைச் சொல்லுங்கள். (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: பீரும் உண்டு, ஆட்டமும் உண்டு. ஆனால் இப்படிப்பட்ட சங்கங்கள் பல, நோய்க்கும் சாவுக்கும் பணம் சேர்க்கத் தொடங்கியவை. மாதாமாதம் சந்தா கட்டினால், படுத்த படுக்கையாகிவிட்ட உறுப்பினர் வீட்டுக்கு ஏதோ ஒரு தொகை வரும், இறந்துபோனால் அடக்கச் செலவு நடக்கும். சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935-இல்தான் வந்தது. அதுவரை ஆலைத் தொழிலாளிக்கு வேறு யார் இருந்தார்கள் சொல்லுங்கள்.

சரி, அவர்கள் யார்? துருக்கியரை விரட்டி ஹங்கேரியைப் பிடித்த ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரசர்கள், பாழ்பட்டுக் கிடந்த பானாட், பாச்கா சமவெளிகளில் குடியேற்ற 18-ஆம் நூற்றாண்டு முழுக்க ஜெர்மன் பேசும் குடியானவர்களை அழைத்தார்கள். அந்தக் குடியானவர்கள் தென் ஜெர்மனியின் உல்ம் நகரில் பலகைப் படகில் ஏறி டான்யூப் ஆற்றோடு இறங்கினார்கள். ஒருவழிப் படகு அது, போய்ச் சேர்ந்த இடத்தில் உடைத்து மரமாக விற்றுவிடுவார்கள். சதுப்பும் காய்ச்சலும் கூட்டம் கூட்டமாகக் கொன்றன. முதல் தலைமுறைக்குச் சாவு, இரண்டாவதுக்கு வறுமை, மூன்றாவதுக்குத்தான் ரொட்டி என்று அவர்களே சொல்வார்கள்.

ரொட்டி கிடைத்த பிறகு நிலம் போதவில்லை. 1867-இல் ஆஸ்திரியாவிடமிருந்து உள்நாட்டு ஆட்சி கைக்கு வந்த பிறகு ஹங்கேரி அரசு பள்ளிகளில் ஹங்கேரிய மொழியைத் திணித்தது, 1907 சட்டம் அதை இன்னும் இறுக்கியது. அப்போதுதான் ஆயிரக்கணக்கானோர் அமெரிக்கக் கப்பல் ஏறினார்கள், ஹங்கேரியக் குடிமக்களாக, வாயில் ஜெர்மனோடு. முதல் உலகப்போருக்குப் பின் அவர்களின் ஊர்களை ருமேனியா, யூகோஸ்லாவியா, ஹங்கேரி என்று மூன்று நாடுகள் பங்கு போட்டுக்கொண்டன. ஆக, இதுவா அதுவா என்று நீங்கள் கேட்பதை ஒவ்வொரு அரசும் அவர்களிடம் கேட்டது, அதுவும் மிரட்டலாக. இரண்டும்தான் என்று சொல்ல அவர்களுக்கு இருந்த ஒரே இடம் இந்தச் சங்கம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப்போரில் இவர்களில் பலர் நாஜிகளின் எஸ்.எஸ். படையில் இருந்தார்கள், பானாட் ஜெர்மானியரை வைத்து உருவாக்கிய ‘பிரின்ஸ் ஆய்கன்’ பிரிவு யூகோஸ்லாவியாவில் பொதுமக்களைக் கொன்று குவித்தது. அதற்கு விலை கொடுத்தது கிழவிகளும் குழந்தைகளும். யூகோஸ்லாவியாவில் 1944 நவம்பரில் சொத்து முழுக்கப் பறிமுதல், அப்புறம் ககோவா, ருடோல்ஃப்ஸ்க்நாட் போன்ற முகாம்களில் பசியிலும் டைஃபஸ் காய்ச்சலிலும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். ஹங்கேரியில் 1946 ஜனவரியில் புடாயர்ஷ் ஊரிலிருந்து நாடுகடத்தும் ரயில்கள் கிளம்பின. தப்பியவர்களில் ஒரு பகுதி 1950-களில் அமெரிக்கா வந்து சேர, பழைய சங்கங்களுக்குப் புது ரத்தம் கிடைத்தது. சங்கங்கள் இதில் இரண்டாவது பாதியை மட்டும் நினைவுகூர்ந்தால் அது தப்பு, எதிரிகள் முதல் பாதியை மட்டும் சொன்னாலும் தப்பு.

கால்பந்தையும் விட்டுவிடக் கூடாது. நியூயார்க் ஜெர்மன்-ஹங்கேரியர் அணி 1951-இல் அமெரிக்காவின் தேசியக் கோப்பை, அமெச்சூர் கோப்பை இரண்டையும் ஒரே வருஷத்தில் வென்றது. குடியேறிகளின் ஆட்டம் என்று மற்றவர்கள் கால்பந்தைத் திரும்பிப் பார்க்காத காலம் அது!

உங்கள் மகனிடம் சொல்லுங்கள், அங்கே போனால் அக்டோபர் விழாவுக்குப் போக வேண்டாம். அது மியூனிக் சரக்கு, தோல் கால்சட்டையும் பவேரியாவுடையது. இவர்களுடைய சொந்த விழா ‘கிர்ச்வை’, ஊர்க்கோயில் அர்ப்பணிக்கப்பட்ட நாளின் திருவிழா. கஞ்சி போட்டு மொடமொடவென்று நிற்கும் கொசுவப் பாவாடையில் பெண்கள், அவர்கள் ரிப்பனும் பூவும் வைத்து அலங்கரித்துக் கொடுத்த தொப்பியில் பையன்கள், பித்தளை வாத்தியம் முன்னால் போக ஜோடி ஜோடியாக ஊர்வலம். ரிப்பன் கட்டிய பெரிய ரோஸ்மேரிக் கொத்தை ஏலம் விடுவார்கள். பந்தியில் மிளகாய்த்தூள் சிவக்கும் ஹங்கேரியக் குலாஷ், பக்கத்திலேயே ஆப்பிள் ஷ்ட்ரூடல். ஒரு தட்டு வாங்கிக்கொண்டு அங்கிருக்கும் பெரியவர் யாரிடமாவது எந்த ஊர் என்று கேட்கட்டும். இன்றைய வரைபடத்தில் அந்த ஊருக்கு வேறு பெயர் இருக்கும், அவர் பழைய பெயரைத்தான் சொல்வார்.