மரபுணவும் சொத்தைப் பல்லும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

முழுத்தானிய உணவைப் பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளை விடாமல் வாசிக்கிறேன். சென்ற ஆண்டு என் கடைவாய்ப் பற்கள் இரண்டில் சொத்தை இருப்பதாகப் பல் மருத்துவர் சொன்னார். ஒன்றை அடைக்க வேண்டும், மற்றதற்கு வேர் சிகிச்சை செய்ய வேண்டும் என்றார். நான் இணங்கவில்லை. வெள்ளைச் சர்க்கரையையும் மைதாவையும் அடியோடு நிறுத்தினேன். தவிடு நீக்காத தானியம், காய்கறி, கொட்டை வகைகள், பால் என்று மாறினேன். இனிப்புக்குத் தேனும் பேரீச்சையும்தான். பசிக்கும்போதெல்லாம் உலர்ந்த பழங்களைக் கொறிக்கிறேன். சில மாதங்களில் வேர் சிகிச்சை வேண்டும் என்று சொன்ன பல்லின் வலி தானாகவே நின்றுவிட்டது. பல் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? நம் முன்னோர் பற்பசையையும் பார்த்ததில்லை, பல் மருத்துவரையும் பார்த்ததில்லை. பற்பசையையும் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். உங்கள் கருத்தை அறிய ஆவல்.

க.

அன்புள்ள க.,

முதலில் அந்த வலியைப் பற்றிப் பேசிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த ஒரு வரிதான். பல்லுக்குள் நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த மென்மையான திசு இருக்கிறது. சொத்தை அதை நெருங்கும்போது வலிக்கிறது. அந்தத் திசு செத்துப்போனாலும் வலி நின்றுவிடும். கிருமிகள் மட்டும் வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். பல மாதம் ஓசையில்லாமல் இருந்துவிட்டு ஒரு நாள் வீக்கமும் சீழுமாக வெளிப்படும். உங்கள் பல்லில் இதுதான் நடந்திருக்கிறது என்று நான் சொல்ல முடியாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறவர்தான் சொல்ல முடியும். தயவுசெய்து போய்ப் பாருங்கள்.

இனி உணவுக்கு வருகிறேன். நீங்கள் சர்க்கரையையும் மைதாவையும் விட்டது நல்ல காரியம். அதை யார் கேலி செய்தாலும் பொருட்படுத்தாதீர்கள். உணவு பல்லைக் காக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்தவற்றில் மிக வலுவான சான்று ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. நியூ சவுத் வேல்ஸின் பௌரல் என்ற ஊரில் 1942இல் ஹோப்வுட் இல்லம் என்ற குழந்தைகள் காப்பகம் தொடங்கப்பட்டது. முழுக்கோதுமை ரொட்டி, பச்சைக் காய்கறி, பழம், பால், கொட்டைகள் ஆகியவையே அங்கே உணவு. சர்க்கரையும் வெள்ளை மாவும் ஏறக்குறைய இல்லை. பல் மருத்துவ ஆய்வாளர்கள் அந்தப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 13 வயதில் அவர்களிடம் சொத்தையால் பாதிக்கப்பட்ட பற்கள் சராசரியாக 1.6. அதே மாநிலத்தின் மற்றப் பள்ளிப் பிள்ளைகளிடம் 10.7. அங்கே குடிநீரில், பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் ஃபுளோரைடு என்ற தாது மிகக் குறைவு, பிள்ளைகள் பல் துலக்கியதும் சரியாக இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆனால் அந்தக் கதையின் பிற்பகுதியை மரபுணவு ஆதரவாளர்கள் அதிகம் சொல்வதில்லை. வளர்ந்து, இல்லத்தைவிட்டு வெளியேறி, எல்லோரும் தின்பதைத் தின்னத் தொடங்கியதும் அந்தப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களைப் போலவே புதிய சொத்தைகள் வந்தன. அத்தனை ஆண்டு நல்ல உணவு, சொத்தையே அண்டாத பற்களை அவர்களுக்குத் தந்துவிடவில்லை. அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைக்கும்தான் பாதுகாப்பு. ஊட்டச்சத்து எலும்பைப்போல் பல்லையும் உள்ளிருந்து தேற்றிவிடும் என்று நினைத்தால், இந்த முடிவு விளங்காது. வாய்க்குள் அன்றாடம் நடப்பதைப் பார்த்தால் விளங்கும்.

பல்லின்மேல் படியும் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. சர்க்கரை வாயில் பட்ட சில நிமிடங்களில் அமிலநிலை ஏறுகிறது. அமிலம் கூடக் கூடக் குறையும் பிஹெச் அளவு ஏறக்குறைய 5.5க்குக் கீழே போனால், பல்லின் கடினமான மேலுறையான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் மெல்ல மெல்ல அமிலத்தைத் தணித்து, கரைந்த தாதுக்களில் ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை ஆகும். நன்றாக மென்று தின்ன வேண்டிய உணவு உமிழ்நீரைப் பெருக்குகிறது. கடினமான காய்க்கும் கொட்டைக்கும் தவிட்டுத் தானியத்துக்கும் உள்ள பெருமையில் பாதி இந்த மெல்லுதலால் வந்தது. அந்த ஒரு மணி நேரம் முடிவதற்குள் அடுத்த இனிப்பு வாய்க்குள் போனால் உமிழ்நீர் என்ன செய்யும்?

ஆகவே நீங்கள் கொறிக்கும் உலர்பழங்கள்தான் இப்போது என் கவலை. ஸ்வீடனின் விப்பெஹோல்ம் மருத்துவமனையில் 1940களின் நடுவில் ஒரு சோதனை தொடங்கியது. மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்கு, அவர்களுடைய ஒப்புதல் இல்லாமல், பல்லில் ஒட்டும் மிட்டாய்களைக் கொடுத்துப் பற்களைச் சொத்தையாக்கிப் பார்த்தார்கள். படிக்கும்போது இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. அந்த மனிதர்களின் வலியிலிருந்து உலகம் கற்றுக்கொண்டதை வீணாக்காமல் இருப்பதாவது நம் கடமை. உணவோடு சேர்த்துச் சாப்பிட்ட சர்க்கரை குறைவாகவே கெடுத்தது. வேளைகளுக்கு இடையில் தின்ற ஒட்டும் இனிப்பு பற்களைச் சூறையாடியது. பேரீச்சையும் உலர்ந்த திராட்சையும் ஒட்டுகிற இனிப்புகள்தாம். தேனில் பெரும்பகுதி சர்க்கரைதான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குறைக்க வேண்டிய சர்க்கரைகளின் கணக்கில் தேனும் பழச்சாறும் இருக்கின்றன. மரத்திலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்று கிருமி பார்ப்பதில்லை.

முன்னோர் எல்லோருக்கும் நல்ல பல் இருந்தது என்பதும் உண்மையில்லை. மொராக்கோவின் டஃபோரால்ட் குகையில் ஏறக்குறைய 15,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வேட்டைச் சமூகத்தாரின் எலும்புகள் கிடைத்தன. உழவு தெரியாதவர்கள், ஆலைச் சர்க்கரையைக் கனவிலும் காணாதவர்கள். பெரியவர்களின் பற்களில் பாதிக்கு மேல் சொத்தை! மாவுச்சத்து மிகுந்த ஓக் மரக் கொட்டைகளை அவர்கள் நிறையத் தின்றதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பதப்படுத்தாத உணவு என்பதாலேயே அது பல்லைக் காத்துவிடாது. வாயில் ஒட்டுகிறதா, எத்தனை முறை தின்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

பல் ஆறுமா என்று கேட்கிறீர்கள். எனாமல் கரைந்து வெள்ளைத் திட்டாகத் தெரியும் தொடக்கநிலை ஆறும். உமிழ்நீரும் ஃபுளோரைடும் அதைச் செய்கின்றன. குழி விழுந்துவிட்டால் எந்த உணவும் அதை மூடாது. எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைத்து வெளியே வரும்போதே மறைந்துவிடுகின்றன.

பற்பசையை விடாதீர்கள். ஃபுளோரைடு சேர்ந்த எனாமல் இன்னும் கடுமையான அமிலத்தையும் தாங்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஹோப்வுட் பிள்ளைகளுக்குச் சொத்தை குறைவாக இருந்ததே தவிர, ஈறு அழற்சி பரவலாக இருந்தது. உணவால் மட்டும் ஈறு பிழைக்கவில்லை, துலக்கத்தான் வேண்டும்.

முழுத்தானியமும் காய்கறியும் பாலும் அப்படியே தொடரட்டும். பேரீச்சையைச் சாப்பாட்டு வேளைக்கு மாற்றிவிடுங்கள். இடையில் பசித்தால் இனிப்புச் சேராத கொட்டையோ பாலாடைக்கட்டியோ போதும், தாகத்துக்குத் தண்ணீர். இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். வலி நின்ற பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். குளிர்ச்சியை வைத்துப் பார்க்கும் எளிய சோதனை அது. உயிர் இல்லை என்றால், தள்ளிப்போடாமல் வேர் சிகிச்சையைச் செய்துகொள்ளுங்கள்.