பழைய கேம்களின் பாக்கிக் கணக்கு: கேள்வி பதில்

பழைய கன்சோல் கேம்களை வாங்கி அடுக்கிவிட்டு, எதைத் தொடுவது என்று திகைத்து நிற்பவர்களுக்காக இந்தப் பகுதி. விளையாடுவது பற்றி எதையும் கேளுங்கள். கன்சோலை என்ன விலைக்கு விற்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள்; அது என் வேலையில்லை.

கே: அலமாரி நிறையக் கேம்கள் கிடக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

ப: பேட்டரியிலிருந்து. கேம் பாய், சூப்பர் நின்டெண்டோ காலத்துக் கேசட்டுகள் பலவற்றில் உங்கள் சேமிப்பு ஒரு சிறிய நினைவகச் சில்லில் இருக்கிறது. கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற ஒரு வட்டப் பேட்டரிதான் அதற்கு உயிர். பேட்டரி தீர்ந்தால் சேமிப்பும் போய்விடும். 1999இல் வந்த போக்கிமான் கோல்டு, சில்வர் இரண்டிலும் கேசட்டுக்குள் ஒரு கடிகாரமும் இடைவிடாமல் ஓடுகிறது. அதனால் அவற்றின் பேட்டரி இன்னும் சீக்கிரம் தீரும். மாற்றலாம், ஆனால் பழையதைக் கழற்றும் அந்த நொடியிலேயே சேமிப்பு அழிந்துவிடும். கேசட்டைப் படிக்கும் கருவி ஒன்றால் முதலில் கணினியில் நகல் எடுங்கள், பிறகு பேட்டரியைத் தொடுங்கள்.

இனி வரிசைக்கு வருவோம். பெரிய கதைக் கேம்கள் இரண்டை அடுத்தடுத்து எடுக்காதீர்கள். டிராகன் குவெஸ்ட் 7இல் முதல் சண்டை வருவதற்கே மணிக்கணக்காகும். முடிக்க நூறு மணி நேரம் கேட்கும். நல்ல கேம்தான், ஆனால் அதை முதலில் எடுத்தவர்கள் பெரும்பாலும் இரண்டாவது கேமுக்கு வந்து சேர்வதில்லை. 1995இல் வந்த குரோனோ டிரிகரில் தொடங்குங்கள். எதிரிகள் கண்ணுக்குத் தெரிகிறார்கள், நடந்துகொண்டிருக்கும் இடத்திலேயே சண்டை மூள்கிறது, ஒரு காட்சிகூட வளவளவென்று இழுக்கவில்லை. இருபது மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும். அதையே பாதியில் வைத்துவிட்டீர்கள் என்றால் இந்த வகைக் கேம் உங்களுக்கு ஒத்துவராது என்று தெரிந்துவிடும். பட்டியலில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

கே: பாதியில் விட்டு வெகுநாள் ஆன கேமை விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?

ப: கதை மறந்திருந்தால் படித்துக்கொள்ளலாம். விரல்கள் மறந்திருந்தால் படிப்பு உதவாது. முறைவைத்துச் சண்டையிடும் கேம் என்றால் தொடருங்கள். குதித்து, சுட்டு, வாள் வீசும் கேம் என்றால் முதலிலிருந்து ஆடுங்கள். கடைசிக் கட்ட எதிரியின் முன் நின்றுகொண்டு எந்தப் பொத்தான் எதற்கு என்று தேடுவதைப் போல அலுப்பூட்டுவது வேறில்லை.

கே: மெட்டல் கியர் சாலிட் வரிசையைக் கதையின் காலப்படி விளையாடலாமா? மூன்றாம் பாகம் 1964இல் நடக்கிறதே.

ப: வெளியான வரிசைப்படி விளையாடுங்கள். 2004இல் வந்த மூன்றாம் பாகத்தை ஆடிவிட்டு 1998இன் முதல் பாகத்துக்குத் திரும்பினால் கை கட்டிப் போட்டது போல் இருக்கும்.

கே: பழைய கன்சோலைப் புது டிவியில் மாட்டினால் படம் மங்குகிறது, பொத்தானை அழுத்தினால் தாமதமாகிறது.

ப: அந்தக் காலக் கன்சோல்கள் அனுப்பும் 240 வரிப் படத்தைப் பல புது டிவிகள் 480 வரிப் பின்னல் படம் (ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறி மாறி வருவது) என்று எண்ணிக்கொண்டு, இல்லாத பின்னலைப் பிரிக்க முனைகின்றன. மங்கலும் தாமதமும் அங்கேதான் பிறக்கின்றன. டிவியில் கேம் மோடைப் போடுங்கள். போதாவிட்டால் பழைய கன்சோல்களுக்கென்றே செய்த படமாற்றிக் கருவியை வாங்குங்கள். டக் ஹன்ட் கேமில் திரையை நோக்கிச் சுடும் துப்பாக்கி மட்டும் எதற்கும் மசியாது. அது பழைய குழாய் டிவியை நம்பிப் பிறந்தது.

கே: என்னிடமும் நிறையக் கேம்கள் இருக்கின்றன. எதை முதலில் ஆடலாம்?

ப: முதல் பதில். பேட்டரிப் பத்தியையும் சேர்த்துப் படியுங்கள்.

கே: எமுலேட்டரில் (பழைய கன்சோலைப் போல நடந்துகொள்ளும் கணினி நிரலில்) நினைத்த இடத்தில் சேவ் ஸ்டேட் போட்டு (அந்த நொடி நிலையை அப்படியே சேமித்து) ஆடுகிறேன். இதை முடித்ததாகக் கணக்கில் வைக்கலாமா?

ப: வைக்கலாம்.

கே: ஐயா, மேலே உள்ள பதிலை ஏற்க முடியவில்லை. தோற்றால் திரும்பப் போக வேண்டும் என்பதுதானே கேம்? அதை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்?

ப: நியாயமான கேள்வி. நிஞ்சா கெய்டனின் கடைசி எதிரிகளிடம் தோற்றால் ஆறாம் அத்தியாயத்தின் தொடக்கத்துக்கே தூக்கி எறிவார்கள். அந்த எதிரியைப் பழக உங்களுக்கு ஒரு நிமிடம். அவன் முன் மறுபடி போய் நிற்க ஒவ்வொரு முறையும் அதைப் போலப் பல மடங்கு நேரம். பள்ளி விடுமுறையில் ஒரே கேசட்டை வைத்திருந்த சிறுவனுக்கு அது வரம். அலமாரி நிறைய வைத்துக்கொண்டு இரவில் அரைமணி நேரம் மட்டும் கிடைப்பவருக்கு அது தண்டனை.

படைத்தவர்களே இதில் கறாராக இருக்கவில்லை. கிரேடியஸை நின்டெண்டோவுக்கு மாற்றியபோது, சோதித்துப் பார்க்கக் கடினமாக இருந்ததால் கசுஹிசா ஹாஷிமோடோ தமக்காக ஒரு குறுக்குவழி வைத்தார்: மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. அது 1986இல் கேமோடு வெளியேயும் வந்துவிட்டது. அதே குறியீடுதான் பிறகு கான்ட்ராவில் முப்பது உயிர் கொடுத்தது. முப்பது உயிரோடு கான்ட்ராவை முடித்தவர்களை யாரும் முடிக்காதவர்கள் என்று சொன்னதில்லை.

கே: அப்படியானால் வழிகாட்டிக் குறிப்பு பார்ப்பதும் தவறில்லையா? முந்தைய நண்பர் அதையும் ஏமாற்று என்பாரே.

ப: சொல்லட்டும். 1987இன் காசில்வேனியா 2இல் ஓரிடத்தில் பாறைச்சுவர் வழியை மறிக்கும். சிவப்புப் படிகத்தைக் கையில் எடுத்து, சுவரருகே மண்டியிட்டு, சில நொடி சும்மா இருக்க வேண்டும். ஒரு சுழற்காற்று வந்து தூக்கிச் செல்லும். ஊராரிடம் கேட்டால் பாறையைத் தலையால் முட்டச் சொல்லும் குளறுபடிக் குறிப்புத்தான் கிடைக்கும். 1990இன் ஸ்டார் டிராபிக்ஸ் இன்னும் ஒரு படி மேல்: தேவையான எண் கேமுக்குள்ளேயே இல்லை, பெட்டியில் வந்த கடிதத்தைத் தண்ணீரில் நனைத்தால்தான் 747 என்று தெரியும். கேசட்டை மட்டும் வாங்கியவர் எதை நனைப்பார்?

அரைமணி நேரம் முட்டிமோதிவிட்டுக் குறிப்பைப் பாருங்கள். ஃபைனல் ஃபேன்டஸி 12இன் முதல் பதிப்பில் மட்டும் முன்கூட்டியே பாருங்கள். குறிப்பிட்ட நான்கு பெட்டிகளில் ஒன்றைத் திறந்தாலும், பின்னால் நிச்சயமாகக் கிடைக்க வேண்டிய சோடியாக் ஈட்டி கைவிட்டுப் போகும். அதை ஒரு வார்த்தையும் அந்தக் கேம் சொல்லாது.

கே: நான் இன்னும் ஏற்கவில்லை.

ப: ஏற்க வேண்டாம். சேவ் ஸ்டேட் இல்லாமலே ஆடுங்கள், யார் தடுத்தது? அடுத்த கேள்வி.

கே: பிளேஸ்டேஷன் மெமரி கார்டு நிரம்பிவிட்டது.

ப: அதில் மொத்தமே பதினைந்து கட்டங்கள். இனி தொடவே மாட்டீர்கள் என்று உறுதியாகத் தெரிந்தவற்றை அழியுங்கள். மற்றவற்றை நகல் எடுங்கள். கேசட் பேட்டரிக்குச் சொன்னதுதான் இங்கேயும்.

கே: கேசட்டை வாயால் ஊதினால் வேலை செய்கிறதே, ஏன் கூடாது என்கிறார்கள்?

ப: எடுத்துத் திரும்பச் செருகியதால் வேலை செய்கிறது. எச்சில் ஈரம் முனைகளை அரிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, உலரவிட்டுச் செருகுங்கள்.

கே: எதிலிருந்து தொடங்கலாம் என்று...

ப: முதல் பதில்.

கே: நீங்கள் சொன்னபடி போக்கிமான் கோல்டின் பேட்டரியை இப்போதுதான் மாற்றினேன். சேமிப்பைக் காணவில்லை.

ப: நகல் எடுத்த பிறகு மாற்றுங்கள் என்றுதான் சொன்னேன். போனது போனதுதான். புதிய பேட்டரி பல வருடம் தாங்கும். தொடக்கப் போக்கிமானாகப் போன முறை சிண்டாக்வில்லை எடுத்திருந்தால் இந்த முறை டோடோடைலை எடுத்துப் பாருங்கள்.