வகுப்பில் கைநீட்டும் மாணவன்: ஆசிரியர்கள் கேட்கிறார்கள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பதில் சொல்கிறார்

கேள்வி: ஐயா, ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் ஒரு பையன் நாற்காலியைத் தூக்கி என்மேல் எறிந்தான். கையில் வீக்கம். ஹெச்.எம். "எழுத்தில் எதுவும் வேண்டாம், ஸ்கூல் பேர் கெட்டுவிடும்" என்கிறார்.

முதலில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள் அம்மா. எப்படி அடிபட்டது என்று டாக்டரிடம் உள்ளபடி சொன்னால் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் பதிவார்கள். அந்த ஏ.ஆர். காப்பி உங்களுக்குப் பிறகு தேவைப்படும்.

அடுத்து, ஹெச்.எம்.முக்கு இன்றைக்கே புகார் எழுதுங்கள். "ரவுடித்தனம் செய்தான்" என்று எழுதினால் அது உங்கள் அபிப்பிராயம், யாரும் மறுத்துவிடலாம். "மதிய இடைவேளை முடிந்து ஐந்தாவது பீரியட். நோட்டைக் கேட்டேன். தரவில்லை. இரண்டாம் முறை கேட்டபோது நாற்காலியை எறிந்தான், என் வலது முழங்கையில் பட்டது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடிவந்தார்" என்று எழுதினால் அது நடந்தது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஹெச்.எம்.மின் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால், போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள்.

"தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்தால் கோப்பில் தூங்கும். இன்ன தேதிக்குள் பெற்றோரை அழைத்துப் பேச வேண்டும், அந்த பீரியடில் இன்னொரு ஆசிரியர் உடனிருக்க வேண்டும், பையனுக்கு மனநல ஆலோசனைக்கு ஏற்பாடு வேண்டும் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் நகலை மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் பையனின் பெயர் சொல்லாமல் எழுப்பலாம்.

2012 பிப்ரவரி 9 அன்று சென்னைப் பாரிமுனைப் பள்ளி ஒன்றில் ஆசிரியை ஒருவரை வகுப்பறையிலேயே ஒன்பதாம் வகுப்பு மாணவன் குத்திக் கொன்றான். டைரியில் எழுதி வீட்டுக்கு அனுப்பிய குறிப்புகள்மேல் அவனுக்கிருந்த ஆத்திரம் பற்றி அப்போது செய்திகளில் வந்தது. குறிப்பு எழுதாதீர்கள் என்று சொல்லவில்லை. டைரி மட்டுமே பெற்றோரோடு பேசும் வழியாக இருக்கக் கூடாது. நேரில் வரவழையுங்கள், கூட இன்னொருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போலீசுக்குச் சொன்னால் பையனின் எதிர்காலம் போய்விடாதா சார்?

இந்தப் பயத்தாலேயே பலர் வாயைத் திறப்பதில்லை. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் வந்த 2016 மாதிரி விதிகளின்படி, குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டோ அதற்கு மேலோ உள்ள கொடிய குற்றம் என்றாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்தது என்றாலோ மட்டுமே சிறுவன்மேல் எஃப்.ஐ.ஆர். மற்றதெல்லாம் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் பதிவாகும். குடும்பப் பின்னணி அறிக்கையோடு விஷயம், சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். லாக்கப்பும் கைவிலங்கும் கூடாது. நாற்காலிக்கு முதல் நாளே காவல் நிலையம் ஓட வேண்டாம். கத்தி, அரிவாள் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

கேள்வி: டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாமா?

எட்டாம் வகுப்பு வரை முடியாது. கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 16 வெளியேற்றத்தைத் தடுக்கிறது. ஒன்பதிலிருந்து கொடுத்தாலும் அவன் பக்கத்து ஊர்ப் பள்ளியில் போய் உட்காருவான், இன்னொரு ஆசிரியைக்கு எதுவும் தெரியாமல்.

கேள்வி: இரண்டாம் வகுப்புக் குழந்தை. கடிக்கிறான், ஸ்லேட்டை எறிகிறான். மற்றப் பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள்.

ஏழு வயது நிறையாத குழந்தை செய்வது எதுவும் சட்டப்படி குற்றமே ஆகாது. இங்கே தேடவேண்டியது காரணத்தை. எப்போது எறிகிறான் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். சத்துணவுக்கு மணி அடித்ததும் எழும் இரைச்சலிலா, பாடம் மாறும்போதா, எழுதச் சொன்னாலா? சத்தம் தாங்காத குழந்தையை வரிசையில் கடைசியாக விடாமல் முன்னதாகவே கூட்டிப் போனாலே பாதி அடங்கும். காதோ பேச்சோ சரியில்லாத பிள்ளைகளும் கையால்தான் பேசும். கல்வித் துறையின் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரை வரச் சொல்லுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டி, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரை கேளுங்கள். உடம்பில் சூட்டுத் தழும்போ பிரம்படியோ தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆதாரத்துக்கு செல்போனில் வீடியோ எடுக்கலாமா?

வேண்டாம். வெளியே போனால் சட்டம் உங்கள்மேல் பாயும். இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74, குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது. பார்த்தவர்களின் கையெழுத்தே போதும்.

கேள்வி: அவன் வெறிபிடித்தது மாதிரி ஆகும்போது பிடித்து நிறுத்தலாமா?

அவனை வெளியேற்றப் பார்க்காதீர்கள், மற்றப் பிள்ளைகளை வெளியேற்றுங்கள். நம்பகமான இரண்டு மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: ஒருவன் கதவைத் திறக்க, இன்னொருவன் பக்கத்து வகுப்புக்கு ஓட. நீங்கள் கதவுப் பக்கம் நில்லுங்கள், வழியை மட்டும் மறிக்காதீர்கள். ஒருவனை ஒருவன் அடிக்கும்போது விலக்கலாம், திருப்பி அடிக்கக் கூடாது. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் அரிவாளால் சக மாணவனை வெட்டியபோது, தடுக்கப்போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. ஆயுதம் இருந்தால் வெறுங்கையோடு குறுக்கே போகாதீர்கள்.

கேள்வி: தனியார் பள்ளி. புகார் கொடுத்தால் வேலை போய்விடும்.

போகலாம் தம்பி, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். தனியாகக் கொடுக்காதீர்கள். அதே வகுப்புக்குப் போகும் நான்கு ஆசிரியர்கள் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள். ஒருவரை நீக்குவது நிர்வாகத்துக்குச் சுலபம், தேர்வு நேரத்தில் நால்வரை நீக்கத் தயங்கும்.

கேள்வி: திங்கட்கிழமை அதே வகுப்புக்குப் போகவேண்டும். நினைத்தாலே கை நடுங்குகிறது.

நடுங்கத்தான் செய்யும், அடிபட்டது உங்களுக்கு. முதல் பீரியடுக்குத் தனியாகப் போக மாட்டேன் என்று இன்றே சொல்லிவிடுங்கள். தூக்கம் கெட்டால் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. வகுப்பில் நடந்ததைப் பற்றிப் பிரசங்கம் வேண்டாம். வருகைப் பதிவை எடுங்கள், அவன் பெயரையும் மற்றப் பெயர்கள் மாதிரியே வாசியுங்கள், விட்ட பாடத்திலிருந்து தொடருங்கள்.