அறுந்த நூலில் தொடங்கிய கார்த் தொழில்

கேள்வி: இரும்புத் தாதையும் கச்சா எண்ணெயையும் வெளிநாடுகளிலிருந்து வாங்கும் ஜப்பான், கார் உற்பத்தியில் அமெரிக்காவை எப்படி முந்தியது? (வாசகர், சோமனூர்)

பதில்: விசைத்தறிகளின் ஊரிலிருந்து இக்கேள்வி வந்திருப்பது பொருத்தமானது, டொயோட்டாவின் கதையும் தறியில்தான் தொடங்குகிறது. சாகிச்சி டொயோடா 1924இல் உருவாக்கிய தானியங்கித் தறி, ஓட்டம் நிற்காமலே, ஊடுநூலைக் கொண்டுசெல்லும் நாடாவை மாற்றிக்கொள்ளும். நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும். பழுதான துணி மேலும் நெய்யப்படுவது நின்றதுடன், ஒரே தொழிலாளி பல தறிகளைக் கவனிக்கவும் முடிந்தது. அவருடைய மகன் கீச்சிரோ, 1933இல் தறி நிறுவனத்துக்குள்ளேயே மோட்டார் வாகனப் பிரிவைத் தொடங்கினார். 1937இல் அது டொயோட்டா என்ற தனி நிறுவனமாயிற்று. ஜப்பானில் கார்களைப் பூட்டி விற்றுவந்த ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய நிறுவனங்களை 1936ஆம் ஆண்டுச் சட்டம் ஒடுக்கியதும் உள்நாட்டாருக்கு உதவியது.

1950இல் கடன் நெருக்கடியும் ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் சூழ, கீச்சிரோ பதவி விலகினார். கொரியப் போருக்காக அமெரிக்கப் படை வாங்கிய லாரிகளே நிறுவனத்தைக் காப்பாற்றின. உதிரிபாகங்களை வாங்கிக் குவிக்கப் பணமும் இல்லை, ஒரே வகைக் காரை லட்சக்கணக்கில் விற்கச் சந்தையும் இல்லை. இந்த நிலையில்தான் டொயோட்டாவின் பொறியாளர் தாயீச்சி ஓனோ, அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகளில் எடுக்கப்பட்ட பொருளுக்கு ஈடாக மட்டுமே அலமாரி நிரப்பப்படும் முறையை முன்மாதிரியாகக் கொண்டார். பின்கட்டத்தில் செலவான பாகத்தை மட்டும் முன்கட்டம் செய்து தர வேண்டும் என்பதை ஓர் அட்டை தெரிவித்தது. 'கான்பான்' என்பது அதுதான். பாகங்களை இருப்பாகக் குவித்து வைக்கும் தேவை இதனால் குறைந்தது. தறியின் பாடமும் இங்கே வந்து சேர்ந்தது: குறை கண்ட தொழிலாளி, கயிற்றை இழுத்து முழு வரிசையையும் நிறுத்தலாம். மேலாளரின் அனுமதிக்குக் காத்திராமல் நிறுத்தும் இந்த உரிமையையே நான் எல்லாவற்றிலும் பெரிதாக மதிக்கிறேன். ஏனெனில், குறையை மறைக்காமல் அது பிறந்த இடத்திலேயே களைவதற்கு வழிசெய்தது இதுவே.

1973இல் எண்ணெய் விலை ஏறியபோது, குறைந்த எரிபொருளில் ஓடும் சிறிய கார்கள் ஜப்பானியரிடம் தயாராக இருந்தன. 1980இல் ஜப்பானின் வாகன உற்பத்தி அமெரிக்காவை விஞ்சியது. மறு ஆண்டே, ஆண்டுக்கு 16 லட்சத்து 80 ஆயிரம் கார்களுக்கு மேல் அமெரிக்காவுக்கு அனுப்புவதில்லை என்று ஜப்பான் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

கேள்வி: இருப்பே வைக்காமல் இயங்குவது ஆபத்தில்லையா? (அதே வாசகர்)

பதில்: ஆபத்துதான். 1997 பிப்ரவரியில், டொயோட்டாவுக்குப் பாகங்கள் செய்து தரும் ஐசின் நிறுவனத்தின் காரியா நகர ஆலையில் தீப்பற்றியதால் பிரேக்கின் சிறு வால்வு ஒன்று கிடைக்காமல், ஜப்பானில் டொயோட்டாவின் பெரும்பாலான உற்பத்தி வரிசைகள் நின்றன. எனினும், அந்த வால்வை அதுவரை செய்திராத பல நிறுவனங்களும் வரைபடத்தை வாங்கிக்கொண்டு தத்தம் இயந்திரங்களில் அதைச் செய்து கொடுக்க, சில நாட்களிலேயே வேலை மீண்டும் தொடங்கியது. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு, எளிதில் மாற்று கிடைக்காத மின்னணுச் சில்லுகளுக்கு மட்டும் சில மாத இருப்பு வைக்கும்படி டொயோட்டா தன் விதியைத் திருத்திக்கொண்டது.