தண்டால் என்றாலே மாணவர்கள் முகம் சுளிக்கிறார்கள். உடற்கல்வி வகுப்பில் விளையாட்டை வைத்தே தசை வலிமையைக் கூட்ட முடியுமா?

தாராளமாக முடியும். நான் உடற்கல்வி ஆசிரியர். சின்ன வகுப்புகளுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் நடத்துகிறேன். ஆனால் எந்த விளையாட்டு ஆடினாலும் வலிமை வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டால் நன்றாக ஓடுவார்கள், மூச்சு வாங்கும். தோளுக்கும் முதுகுக்கும் வேலையே இருக்காது. தசை வலுப்பட வேண்டுமென்றால் அது சில நொடிகளாவது முக்கி முனகி உழைக்க வேண்டும், அப்புறம் ஓய்வு, மறுபடி உழைப்பு. அதை ஆட்டத்தின் விதியிலேயே வைத்துவிட வேண்டும்.

உதாரணத்துக்கு, இரண்டு பேரைத் தண்டால் நிலையில் எதிரெதிரே, கைக்கு எட்டும் தூரத்தில் நிறுத்துங்கள். அடுத்தவர் புறங்கையைத் தட்ட வேண்டும், தன் கை தட்டுப்படக் கூடாது. 20 நொடி ஆட்டம். தட்டுவதற்காக ஒரு கையைத் தூக்கியதும் இரண்டு கைகளும் தாங்கிய எடை ஒரே கைக்கு வந்துவிடும். இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் இருக்க வயிறு தானாக இறுகும். சும்மா அதே நிலையில் இருக்கச் சொன்னால் சலித்துக்கொள்ளும் பிள்ளை, இதில் ‘இன்னொரு ஆட்டம் சார்’ என்று கேட்கும். தாக்குப்பிடிக்க முடியாதவர்கள் முழங்காலை ஊன்றிக்கொள்ளட்டும். இடுப்பு தொய்ந்துவிட்டால் அந்தச் சுற்று போதும்.

தள்ளுவதும் குதிப்பதும் பல ஆட்டங்களில் வந்துவிடும், விடுபட்டுப்போவது இழுப்பதுதான். அதற்குக் கயிறு இழுத்தல் அருமையானது, 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கிலேயே இருந்த போட்டி. மொத்த வகுப்பையும் ஒரே கயிற்றில் நிறுத்தினால் பாதிப் பேர் பிடித்துக்கொண்டு மட்டும் நிற்பார்கள், அதனால் மூவருக்கு மூவர் போதும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள விடவே விடாதீர்கள். விரலே துண்டான விபத்துகள் உண்டு.

‘அவுட்’ ஆனவர் ஓரமாக உட்காரும் ஆட்டங்களை நான் விட்டுவிட்டேன். முதலில் வெளியேறுவது பலம் குறைந்த பிள்ளை. பயிற்சி அதிகம் தேவைப்படுவதும் அந்தப் பிள்ளைக்குத்தான். அவுட் ஆனால் எதிரணியில் சேர்ந்து ஆடட்டும். தோற்றதற்காகத் தண்டால் எடுக்கச் சொல்லவும் வேண்டாம், தண்டனையாகப் பழகிய பயிற்சியைப் பிறகு விரும்பிச் செய்ய மாட்டார்கள்.

எத்தனை நாள்? 5 முதல் 17 வயதுள்ளவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 3 நாளாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயல்களைச் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். இதனால் வளர்த்தி நின்றுவிடுமோ என்று பெற்றோர் பயப்படுவதுண்டு. முறையான மேற்பார்வை இருந்தால் அப்படியெல்லாம் ஆகாது.

பருவமடையும் முன் தசை பெரிதாகப் பருக்காது. நரம்புகள் தசை இழைகளை இன்னும் அதிகமாக, ஒருங்கிணைத்து இயக்கப் பழகுவதால்தான் பலம் கூடுகிறது. அதனால் கைச்சுற்றளவைப் பார்க்காதீர்கள். கம்பியில் எத்தனை நொடி தொங்குகிறார்கள் என்று மாதம் ஒருமுறை குறித்து, அவரவர் பழைய கணக்கோடு மட்டும் ஒப்பிட்டுக் காட்டுங்கள்.