திரைக்கதையும் ஆடை வடிவமைப்பும் ஒருவரே செய்தால் ஒரே ஒப்பந்தம் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 31. ஓவியம் படித்தவள். நண்பர் ஒருவர் இயக்கப்போகும் சிறு முதலீட்டுப் படத்துக்குத் திரைக்கதை எழுதியிருக்கிறேன். அதே படத்துக்கு ஆடைகளையும் வீட்டு உட்புறங்களையும் நானே வடிவமைக்கிறேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,50,000 ரூபாய் என்று தயாரிப்பாளர் ஒரு பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். ‘இனி ராயல்டி எதுவும் கோரமாட்டேன்’ என்று அதில் ஒரு வரி இருக்கிறது. டைட்டிலில் ஓர் இடத்தில்தான் பெயர் வருமாம். எழுத்தா, வடிவமைப்பா என்று முடிவு செய்யச் சொல்கிறார். இதற்கிடையில், கதையைப் பதிவு செய்து தர 18,000 ரூபாய் கேட்கிறார் ஒருவர். அவரிடம் ஸ்கிரிப்டைக் கொடுத்துவிட்டேன். இந்திப் படங்களுக்கு எழுதி, ஆடையும் வடிவமைத்த ஷமா ஜைதியைப்போல இரண்டு வேலையும் செய்ய நினைத்தது தவறா? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: போடாதீர்கள். இரண்டு வேலைகளையும் தாராளமாகச் செய்யுங்கள்; ஆனால் இரண்டுக்கும் தனித்தனி ஒப்பந்தம் கேளுங்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஷமா ஜைதி. அவரைப் பற்றித் தெரிந்து வைத்திருக்கிறீர்களே, அதுவே எனக்கு மகிழ்ச்சி. அவருடைய தாயார் குத்சியா ஜைதி டெல்லியில் ஹிந்துஸ்தானி தியேட்டர் என்ற நாடகக் குழுவைத் தொடங்கியவர். மகள் லண்டனில் மேடை வடிவமைப்பு படித்தார். பிறகு எழுத்துக்கு வந்தார். சத்யஜித் ராயின் ‘ஷத்ரஞ்ச் கே கிலாடி’ 1977இல் வந்தபோது, வசனத்தில் ராய், ஜாவேத் சித்திகி ஆகியோருடன் ஷமா ஜைதியின் பெயர் இருந்தது. ஆடை வடிவமைப்பிலும் அவர் பெயர் இருந்தது. ஒரே படம், ஒரே ஆள், இரண்டு இடங்களில் பெயர். உங்கள் தயாரிப்பாளருக்கு இந்த ஒரு சான்று போதும்.

அந்தப் படம் 1856ஆம் ஆண்டின் லக்னோவில் நடக்கிறது. அங்கே ஒரு நவாப் குடும்பத்துப் பெண் என்ன உடுத்தியிருப்பாள் என்று தெரிந்தவருக்குத்தான், அவள் வேலைக்காரியை எந்தச் சொல்லால் கூப்பிட்டிருப்பாள் என்பதும் தெரியும். துணியும் பேச்சும் ஒரே வாழ்க்கையிலிருந்து வருகின்றன. வீட்டின் உட்புறத்தை மனத்தில் பார்த்துக்கொண்டு காட்சி எழுதும் நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். ஆகவே, இரண்டையும் செய்தால் எழுத்தாளராக மதிக்கமாட்டார்கள் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். எம்.எஸ். சத்யூவின் ‘கரம் ஹவா’வுக்குக் கைஃபி ஆஸ்மியுடன் சேர்ந்து திரைக்கதை எழுதியவர் ஷமா ஜைதி, திரைக்கதைக்கான ஃபிலிம்ஃபேர் விருது அந்த இருவருக்கும் கிடைத்தது. மூலக்கதை இஸ்மத் சுக்தாயுடையது. அவர் பெயர் கதைக்குத் தனியாக வந்தது. அரசின் திரைப்பட நிதிக் கழகம் கொடுத்த இரண்டரை லட்சம் ரூபாய்க் கடனை வைத்துத் தொடங்கிய படம் அது. அந்த வறுமையிலும் கதைக்கு ஒருவர், திரைக்கதைக்கு இருவர் என்று பிரித்துப் பெயர் போட முடிந்திருக்கிறது. பிறகு ஷியாம் பெனகலின் ‘மண்டி’, ‘சூரஜ் கா சாத்வான் கோடா’, தூர்தர்ஷனில் 53 பகுதிகளாக வந்த ‘பாரத் ஏக் கோஜ்’ என்று அவர் எழுத்து நீண்டுகொண்டே போனது. வடிவமைப்பு அந்த எழுத்தை விழுங்கிவிடவில்லை.

இனி சட்டம். நுணுக்கங்களை விட்டுவிட்டு, உங்களுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் பார்வையில் உங்கள் திரைக்கதை இலக்கியப் படைப்பு. நீங்கள் வரைந்த ஆடை ஓவியங்களும் அறை ஓவியங்களும் கலைப்படைப்பு. இரண்டும் எழுதியவுடன், வரைந்தவுடன் உங்களுக்கே சொந்தம். இதுவரை இரண்டும் சமம். 2012இல் வந்த திருத்தத்தில்தான் வழி பிரிகிறது. படத்தில் பயன்படும் இலக்கியப் படைப்புக்கும் இசைப் படைப்புக்கும் உரியவர், ராயல்டியில் தமக்குள்ள சம பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாது என்கிறது அந்தத் திருத்தம். கொடுத்தாலும் செல்லாது. கலைப்படைப்புக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. உங்கள் உடலில் இருக்கும் எழுத்தாளருக்குச் சட்டம் ஒரு கவசம் கொடுத்திருக்கிறது. அதே உடலில் இருக்கும் வடிவமைப்பாளருக்குக் கொடுக்கவில்லை. இருவரையும் ஒரே தாளில், ஒரே தொகைக்குள் கட்டிப்போட்டால் என்ன நடக்கும்? நாளை பங்கு கேட்கும்போது, ‘அந்தத் தொகையில் பெரும்பகுதி வடிவமைப்புக்குத்தான், எழுத்து நட்புக்காகச் செய்த உதவி’ என்பார்கள். டைட்டிலிலும் வடிவமைப்பாளர் என்று மட்டும் போட்டிருந்தால், நீங்கள்தான் எழுதினீர்கள் என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டியிருக்கும். பெயரைக் குறைப்பதன் உள்நோக்கம் இதுதானோ என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

‘ராயல்டி கோரமாட்டேன்’ என்ற வரி செல்லாது என்றேன். இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு ஏமாறுகிறார்கள், ஆகவே நிதானமாகப் படியுங்கள். படம் திரையரங்கில், படமாகவே ஓடும்போது உங்களுக்குப் பங்கு இல்லை. அங்கே வரும் வசூல் தயாரிப்பாளருடையது. முதல் வெளியீடு என்றாலும் சரி, பல ஆண்டு கழித்து மறுவெளியீடு என்றாலும் சரி, திரையரங்கு என்றால் விதிவிலக்குக்குள் போய்விடும். ‘கரம் ஹவா’ புதுப்பிக்கப்பட்டு 2014 நவம்பரில் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. அதுபோல உங்கள் படம் நாற்பது ஆண்டு கழித்துத் திரையரங்குக்குத் திரும்பினாலும் பங்கு கேட்க முடியாது. திரைப்பட விழாவுக்காக ஒரு திரையரங்கில் திரையிட்டாலும் அப்படியே. ஆனால் அதே படம் தொலைக்காட்சியில் வந்தால் பங்கு உண்டு. ஓடிடியில் வந்தால் உண்டு. தயாரிப்பாளர் தரப்பு என்ன சொல்லும் தெரியுமா? ‘திரையரங்குக்குப் பங்கு இல்லை என்று சட்டமே சொல்கிறது, ஆகவே எதற்கும் இல்லை.’ முன்பாதி உண்மை, பின்பாதி பொய். சிறு முதலீட்டுப் படம் திரையரங்கில் ஒரு வாரம் தாங்குவதே அபூர்வம். அதன் ஆயுள் முழுவதும் திரையரங்குக்கு வெளியில்தான். அந்த ஆயுளைத்தான் ஒரு வரியில் உங்களிடம் எழுதி வாங்கப் பார்க்கிறார்கள்.

செல்லாத வரிதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைக்காதீர்கள். அந்த வரியை அடித்து நீக்கச் சொல்லுங்கள். செல்லாது என்று நீதிமன்றத்தில் சொல்ல வைப்பதற்குள் உங்களுக்கு 40 வயது ஆகிவிடும். முன்பு இத்தகைய தகராறுகளுக்குப் பதிப்புரிமை வாரியம் இருந்தது. அதைக் கலைத்து அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தோடு சேர்த்தார்கள். 2021இல் அதையும் ஒழித்துவிட்டு நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஒன்றரை லட்சம் சம்பாதிக்கும் எழுத்தாளர் எந்த நீதிமன்றத்தில் எத்தனை ஆண்டு நிற்பார்? பாட்டெழுதுகிறவர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துக் கொடுக்க ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருப்பதைப்போல, திரைக்கதை எழுதுகிறவர்களுக்கு வலுவான ஏற்பாடு இன்னும் அமையவில்லை. உரிமையைக் கொடுத்துவிட்டு அதை வாங்கும் வழியைக் கொடுக்காத சட்டத்தை என்னவென்று சொல்வது! ஆகவே ஒப்பந்தத்திலேயே, திரையரங்கு தவிர்த்த பயன்பாடுகளில் வரும் ராயல்டிக்குத் தயாரிப்பாளர் ஆண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

அந்த ஒரு பக்கத்தில் உரிமை எத்தனை ஆண்டுக்கு, எந்த நாட்டுக்கு என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் சட்டமே நிரப்பிவிடும்: ஐந்து ஆண்டு, இந்தியாவுக்குள் மட்டும். ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று இருந்தால் பேரம் பேசுங்கள். இரண்டு ஆண்டுக்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் திரைக்கதை உங்களுக்கே திரும்ப வேண்டும். ரீமேக் உரிமையை எழுதிக் கொடுக்காதீர்கள். ‘ஆரண்ய காண்டம்’ வழக்கில் 2017இல் சென்னை உயர் நீதிமன்றம், படத்தை வேறு மொழியில் டப் செய்யத் தயாரிப்பாளருக்கு உரிமை உண்டு, ஆனால் ரீமேக் உரிமை திரைக்கதை எழுதியவரிடமே இருக்கிறது என்று சொன்னது. அவர் அதை எழுதிக் கொடுத்திருக்கவில்லை. நீங்களும் கொடுக்க வேண்டாம்.

‘ஊழியர்’, ‘மாதச் சம்பளம்’ போன்ற சொற்கள் எங்கேயாவது இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். ஊழியர் எழுதியது முதலாளிக்கே சொந்தம் என்று வாதாட அந்தச் சொற்கள் இடம் கொடுக்கும்.

இரண்டாவது தாள், வடிவமைப்புக்கு. பின்னால் பங்கு வராது என்பதால் இங்கே கையில் வாங்கும் தொகைதான் எல்லாம். 1,50,000 ரூபாய்க்குள் துணி வாங்கும் செலவும் தையல் கூலியும் அடக்கமா என்று கேட்டீர்களா? கேட்டிருக்கமாட்டீர்கள், கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இந்த வலையில்தான் ஓவியம் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் ஒவ்வொருவராக விழுகிறார்கள். ‘மொத்தமாகப் பேசிக்கொள்ளலாம்’ என்பார்கள். படப்பிடிப்பின் பத்தாவது நாள் உங்கள் வீட்டு நகை அடகுக்கடையில் இருக்கும். உங்கள் ஊதியம் வேறு, பொருள் செலவு வேறு. பொருள் செலவுக்கு முன்பணம் வந்த பிறகே கடைக்குப் போங்கள். எத்தனை நாள் வேலை, நாட்கள் கூடினால் ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். ஓவியங்களின் மூலத்தைத் தையற்காரரிடம் கொடுக்காதீர்கள், நகல் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் தேதியும் கையெழுத்தும் இருக்கட்டும்.

பெயர் விஷயம். படைப்பாளி என்று உரிமை கோருவதை, உரிமையை விற்ற பிறகும் யாரும் பறிக்க முடியாது. சட்டத்தின் 57ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. திரைக்கதைக்கும் வடிவமைப்புக்கும் தனித்தனியே என்ன சொற்களில், டைட்டிலில் எந்த இடத்தில், சுவரொட்டியில் வருமா வராதா என்று இரண்டு தாளிலும் எழுதுங்கள். ‘கதை உதவி’ என்று யாராவது சமாதானம் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது அந்த 18,000 ரூபாய்க்காரர். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. இலக்கியப் படைப்பு ஒன்றைப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்ய அரசுக் கட்டணம் 500 ரூபாய். இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். யாராவது ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் காத்திருப்பு உண்டு. அதற்குப் பிறகு அலுவலகம் தன் வசதிக்கு இழுத்தடிக்கும். 18,000 கொடுத்தாலும் இழுத்தடிக்கும். ‘காப்புரிமை வாங்கித் தருகிறேன்’ என்றுதான் இவர்கள் விளம்பரம் செய்கிறார்கள். காப்புரிமை கண்டுபிடிப்புகளுக்கு உரியது. உங்களுக்கு வேண்டியது பதிப்புரிமை. இந்த வேறுபாடு தெரியாதவரிடமா உங்கள் இரண்டு ஆண்டு உழைப்பைக் கொடுப்பது? இன்னொன்றும் சொல்வார்கள்: ‘பதிவு செய்துவிட்டால் உங்கள் கதைக்கருவை யாரும் தொட முடியாது.’ பொய். கருவுக்குப் பாதுகாப்பு கிடையாது என்று 1978இலேயே உச்ச நீதிமன்றம், ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில், தீர்மானித்துவிட்டது. நீங்கள் எழுதிய வடிவத்துக்கு மட்டும்தான் பாதுகாப்பு. பதிவு என்பது ஒரு சான்று, அவ்வளவே. பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உங்களுடையதுதான். பணம் வாங்கிக்கொண்டு ஸ்கிரிப்ட் லேப் என்ற திரைக்கதைப் பயிலரங்கில் இடம் பிடித்துத் தருகிறேன், வெளிநாட்டு விழாவில் விருது வாங்கித் தருகிறேன் என்று வருகிறவர்களும் இதே கூட்டம்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். இப்படித்தான் ஒரு தரகரிடம் பணம் கொடுத்திருந்தார். பதிவுச் சான்றிதழும் வந்திருந்தது, அழகாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். வாங்கிப் படித்தேன். படைப்பாளி என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் தரகரின் பெயர் இருந்தது. விண்ணப்பத்தோடு அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள்களில் உரிமையை மாற்றிக் கொடுக்கும் தாளும் ஒன்று. ஒரு வரியும் படிக்காமல் போட்டிருக்கிறார். அதைச் சரிசெய்ய நாங்கள் பட்ட பாட்டை இங்கே எழுதினால் இடம் போதாது.

நீங்கள் ஸ்கிரிப்டைக் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தயாரிப்பாளருக்குப் பதில் எழுதும் முன்பாக இதைச் செய்யுங்கள். அவரிடம் வேறு ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டீர்களா என்று நினைத்துப் பாருங்கள். போட்டிருந்தால் அதன் நகலை இன்றே கேளுங்கள். ஸ்கிரிப்டைப் பயன்படுத்த அனுமதி இல்லை, திருப்பித் தரவும் என்று அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் சொல்வது போதாது. விண்ணப்பம் ஏற்கெனவே போயிருந்தால், அதற்கு அலுவலகம் கொடுத்த டைரி எண் அவரிடம் இருக்கும். அதை வாங்கி, பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். விண்ணப்பத்தின் நகலையும் கேட்டு வாங்கி, உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். உங்கள் பெயர் இல்லையென்றால், ஆட்சேபம் தெரிவிக்கும் 30 நாள் முடிவதற்குள் பதிப்புரிமை அலுவலகத்துக்கு எழுத வேண்டும்.